ஷைனியின் செடியைக் கொடுத்தாயிற்று

மக்கா,

நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் சர்க்கரையைத் தவிர. மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, ரப்பர் பால் வெட்டு மறுபடி தொடங்கிவிட்டது. போன மாதம் நீ தோஹாவிலிருந்து பேசும்போது இரண்டு காரியங்கள் சொன்னாய். முன்னறை ஜன்னலோரம் நிற்கிற ஷைனியின் செடியை எடுத்துக் களைய வேண்டும் என்பது ஒன்று. ஷைனியோடு போனில் பேசுவதை நாங்கள் நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. உனக்கு இரண்டாவது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண் வீட்டார் வீடு காண வருவார்கள், வருகிற இடத்தில் பழைய மருமகளின் செடி நின்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். அதனால் முதல் காரியத்தைச் செய்துவிட்டேன். செடி இப்போது இந்த வீட்டில் இல்லை. இரண்டாவதைச் செய்யப்போவதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி சரி அப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் பிறகு எடுத்து வாசிப்பாய்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். செடியை வைத்து உனக்குப் பாடம் எடுக்கும் எண்ணம் எனக்கில்லை. சபையில் போதகர் ஐயர் பிரசங்கத்தில் அத்திமரத்தை எடுத்தாலே எனக்குக் கண் சொக்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். மரம் அதன்பாட்டுக்கு நிற்கிறது, அதன் தலையில் நம் புத்தியை ஏற்றி வைப்பானேன்? நான் வாழ்நாள் முழுவதும் ரப்பர் விளையில் நின்றவன். அங்கே நின்று நான் கற்றதெல்லாம் ரப்பரைப் பற்றித்தான். ஆனால் இந்தச் செடி எப்படி வந்தது, யார் அதைக் கெடுத்தது, யார் தேற்றியது என்பதையெல்லாம் நீ அறியமாட்டாய். அப்போது நீ இங்கே இல்லை. உன் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி நீ இல்லாத வீட்டில்தான் நடந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்த ஊரில் பாதி வீடுகளின் கதை அதுதான்.

உன் கல்யாண லீவு முடிந்து நீ திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய பிறகு ஷைனி மார்த்தாண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போய் மாலையில் பஸ்ஸில் திரும்புவாள். ஒரு நாள் கையில் ஒரு தொட்டியோடு வந்து இறங்கினாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. இலை பலா இலையைவிடப் பெரிது, தடிப்பும் மினுமினுப்பும் கூடுதல். நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பாலாடை நிறத்தில் வெள்ளை. "ரப்பர் செடியாக்கும் மாமா. வீட்டுக்குள்ள வைக்கியது" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்வாசலில் இறங்கினால் ரப்பர், பின்கதவைத் திறந்தால் ரப்பர், கொடியில் காய்கிற துணியில்கூட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை. "சுத்திலும் நிக்கியது போதாதா மக்களே? இனி கட்டில்லயும் கொண்டு படுக்க வைக்கணுமா?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற மாமா. இது ஆலமரத்துக்க சொந்தம்" என்றாள். அதைக் கேட்டதும் உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்தால் வேரோடு பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடைக்கிற வீடு இது. "ஆலமரத்தை வீட்டுக்குள்ள வச்சா குடும்பம் பிரிஞ்சு போவும்" என்றாள். வேதப்புத்தகம் வாசிக்கிற வாயால் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். "வேதப்புத்தகத்தில இல்லாட்டா என்ன, உள்ளதுதான்" என்றாள். ஷைனி தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, அம்மாவின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முறை அது. சண்டை வரும்போல் இருந்தால் கையில் ஒரு வேலையை எடுத்துக்கொள்வாள்.

அதற்கடுத்த மாசி மாதம் அவள் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தாள். செடியில் புதிதாக விரிந்த இலைகளைப் பார்த்தேன். பழைய இலையைவிட வெள்ளை அதிகம், ஒன்றில் பாதி இலையே வெளுத்திருந்தது. ரப்பர்காரன் கண்ணுக்கு இலையில் வெள்ளை என்றால் நோய், வேறொன்றும் தோன்றாது. ரப்பர் தளிர்க்கிற நேரத்தில் பனி விழுந்தால் சாம்பல் பிடிக்கும், கந்தகப் பொடி தூவாவிட்டால் தளிரெல்லாம் கொட்டிப்போகும் என்பது உனக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெண் இல்லாத நேரத்தில் அவள் செடிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பதறிப்போய், தொட்டியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், விளைக்கு வாங்கி வைத்திருந்த கந்தகத்தை இரண்டு பக்கமும் தாராளமாகத் தூவி, மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று உச்சி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளை ஓரமெல்லாம் கருகி அப்பளம்போல் சுருண்டிருந்தது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மறுநாளும் தூவினேன்.

ஷைனி வந்து பார்த்தாள். "மாமா, இதுக்கு என்ன செய்தீங்க?" என்று கேட்டாள். "சாம்பல் நோய் மக்களே. கந்தகம் போட்டிருக்கேன், பயப்படாத" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். "நோய் இல்ல மாமா, அது அதுக்க நிறமாக்கும். அந்த வெள்ளைக்காகத்தான் ஆளுக வாங்கியதே." உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல காலமாகியிருந்தது. ஷைனி அன்று உன்னிடமும் போனில் சொன்னாளாம். நீ டியூட்டிக்கு நேரமாகிறது என்றாயாம். உன்மேல் தப்பில்லை. நேரில் பார்த்தவனுக்குத்தான் அது சிரிப்பு, தூரத்தில் இருக்கிறவனுக்கு அது ஒரு செடி கருகிய செய்தி.

அதன்பிறகு அவள் எனக்குச் செடி வளர்க்கக் கற்றுத்தந்தாள். கிழக்கு ஜன்னல்தான் அதற்கு இடம். காலை வெயில் திரைச்சீலை வழியாக வரலாம், மத்தியான வெயில் நேரே படக்கூடாது, வெள்ளைப் பகுதி தாங்காது. இருட்டு மூலையிலும் வைக்கக்கூடாது, வெளிச்சம் குறைந்தால் புது இலையில் வெள்ளை குறைந்துகொண்டே வரும். தண்ணீர் விஷயத்தில் நானும் உன் அம்மாவும் இருவருமே தோற்றோம். ரப்பருக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? மழை பார்த்துக்கொள்ளும். எனவே நான் ஊற்றவே மாட்டேன். அம்மாவோ அரிசி களைந்த தண்ணீர் வீணாகக்கூடாது என்று தினமும் கொண்டு ஊற்றுவாள். அடி இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஷைனி என் விரலைப் பிடித்து மண்ணுக்குள் குத்திக் காட்டினாள். விரலின் இரண்டாவது கணு வரைக்கும் மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தொடக்கூடாது. ஊற்றினால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்ற வேண்டும், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைக்கும்போது இலையின் அடியில் இன்னொரு கையை வைத்துத் தாங்க வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய். தொட்டியை அடிக்கடி இடம் மாற்றக்கூடாது, மாற்றினால் கோபித்துக்கொண்டு இலை கொட்டும். ஒருமுறை பெயின்ட் அடிக்க அடுத்த அறையில் கொண்டுவைத்தபோது பாதி இலை கொட்டிவிட்டது. ரப்பர் வருஷத்துக்கு ஒருமுறை மொட்டையாகிறதே, அதுபோலத்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஒருமுறை மட்டும் நான் செய்தது சரி என்று ஷைனி சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் அடித்தண்டிலிருந்து ஒரு கிளை வெடித்தது. முழுப் பச்சை, வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. மற்றக் கிளைகள் ஒரு இலை விடும் நேரத்தில் அது மூன்று விட்டது. நான் போட்ட சாணிப்பொடிதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஷைனி அதைப் பார்த்ததும், "மாமா, இதை வெட்டணும்" என்றாள். தழைக்கிறதை வெட்டிவிட்டு நோஞ்சானை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். பால் தராத மரத்தைத்தான் நாங்கள் வெட்டுவோம். "பச்சை இலைக்குச் சத்து கூட மாமா. அதை விட்டா அதுதான் முழுச் செடியும் ஆவும், வெள்ளை பைய பைய இல்லாம போவும்" என்றாள். நான் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு என் பால் வெட்டுகிற கத்தியையே கொண்டுவந்து என் கையில் தந்தாள், அவள் வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன். பால் வடிந்தது. பால் பிடிக்கச் சிரட்டை வைக்க வேண்டுமா என்று கேட்டேன். துணியால் ஒற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள், அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தடித்துவிடுமாம். காலம் முழுவதும் பாலில் முக்கிய கைக்கு இனி என்ன தடிக்கப்போகிறது. இருந்தாலும் கழுவினேன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முதல் இரண்டு வருஷம் உன்னோடு வர அவள் ஆசைப்பட்டாள், குடும்ப விசா கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவள் வேலையை விட மனமில்லாமல் இருந்தாள். நீ லீவில் வரும்போதெல்லாம் முதல் வாரம் கல்யாண வீடு, அடுத்த வாரம் உறவினர் வீடு, கடைசி வாரம் பெட்டி கட்டுவது. போனில் சண்டை போட்டால் சமாதானம் ஆவதற்குள் நெட் போய்விடும். கடைசியில் இரண்டு பேரும் சத்தம் போடாமல், வக்கீல் வீட்டுக்கும் ஒன்றாகவே ஆட்டோவில் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். உன் அம்மா ஜன்னலோரச் செடியைப் பார்த்து, "நான் அண்ணைக்கே சொன்னேன்" என்றாள். நீ கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன், இதைப் புத்திமதியாகவே எடுத்துக்கொள். இந்தத் தடவை அந்தப் பெண்ணை எங்களிடம் விட்டுப் போகாதே. கூட்டிக்கொண்டு போ, அல்லது நீ வந்துவிடு. மருமகளை நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வோம். அதுதான் கஷ்டம். உன்னோடு வாழ வேண்டியவள் எங்களோடு வாழ்ந்து பழகிவிடுகிறாள், பிறகு நீ விட்டாலும் எங்களால் விட முடியவில்லை.

அவள் போகிற அன்று துணிமணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டாள், செடியை எடுக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு மகளிர் விடுதியில் இடம் பிடித்திருந்தாள், அந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தானாம். "இது இஞ்சேயே நிக்கட்டும் மாமா. அங்க வெளிச்சமில்ல" என்றாள். சரி என்றேன். உன் அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. விட்டுவிட்டுப் போகிறவளிடம் எனக்கென்ன பேச்சு என்று இருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிச் சாயா நேரத்தில் போன் வந்தது. "மாமா, செடி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் இப்போது இந்த வீட்டுக்கு யாருமில்லை, மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி, மாமிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க எந்த உறவும் பாக்கியில்லை. செடி அவளுடையது, அதைப் பற்றி மட்டும்தான் கேட்கலாம். அதனால் அதைப் பற்றியே கேட்டாள். மாமி அரிசித் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா தலையை நிமிர்த்தாமல், "நான் ஊத்தலன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்தில் போன் வரும். உன் அம்மா ஒருநாளும் போனைக் கையில் வாங்கியதில்லை. ஆனால் சனிக்கிழமையே செடியைச் சுற்றிச் சுற்றி வருவாள். "இலை ஒண்ணு தொங்கினாப்பில இருக்கு, அவளுட்ட கேளுங்க" என்பாள். நான் போய்ப் பார்த்தால் ஒரு இலையும் தொங்காது. "தண்டுல ஏதோ வெள்ளையா இருக்கு, பூச்சியா என்னன்னு கேளுங்க" என்பாள். அது சுண்ணாம்புப் பொடியாக இருக்கும். நான் எல்லாவற்றையும் கேட்பேன். ஷைனியும் பொறுமையாகப் பதில் சொல்வாள், இடையில் "செடி பக்கத்தில நிக்கியவங்க மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பாள். நான் அம்மாவைப் பார்ப்பேன். அவள் "போட்டாச்சு" என்று ஜன்னலிடம் சொல்வாள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று, மக்கா. அந்தச் செடிக்கு வராத நோயில்லை. நிஜத்தில் அது என் நெஞ்சு உயரத்துக்குத் தழைத்து நின்றது.

நீ போன் பண்ணிச் சொன்ன பிறகு நானும் அம்மாவும் உட்கார்ந்து பேசினோம். செடியைக் கொடுத்துவிடுவதுதான் சரி என்று நான் சொன்னேன். வரப்போகிற பெண் தினமும் முன்னறையில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், அவளுக்கு அந்தச் சங்கடம் எதற்கு? அம்மா எழுந்து போய்ச் செடியின் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஒரு கொம்பைப் பதியம் போட்டு வச்சிட்டு மீதியைக் குடுத்தா என்ன? பின்பக்கத்தில வச்சா அவனுக்குத் தெரியவா போவுது?" என்று கேட்டாள். கொஞ்சம் பட்டையைச் சுரண்டி, தேங்காய் நார்த்தூளை ஈரமாக்கி வைத்துக் கட்டினால் வேர் வந்துவிடும், அது எனக்குக் கைவந்த வேலைதான். ஆசையாகவும் இருந்தது. ஆனால் வேண்டாம் என்றேன். மகனுக்குத் தெரியாமல் பின்பக்கத்தில் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக அந்தப் பெண்ணை நான் ஆக்க விரும்பவில்லை. அம்மாவுக்கு அது புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் நானே ஷைனிக்குப் போன் பண்ணினேன். விடுதியை விட்டுவிட்டு ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு அவள் மாறியிருந்தாள். "மக்களே, செடியை நீ கொண்டு போணும்" என்றேன். "கல்யாணம் எப்பம் மாமா?" என்று கேட்டாள். கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மாதத்தைச் சொன்னேன். "நல்லது மாமா. புது வீட்டில கிழக்கே ஜன்னல் உண்டு. சனிக்கிழமை வாறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அன்று விடிந்ததிலிருந்து அம்மா ஒவ்வொரு இலையாக, அடியில் கை கொடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ சத்தம் கேட்டதும் அடுக்களைக்குள் போய்விட்டாள். சாயாவும் ஏத்தங்காய் அப்பமும் என் கையில்தான் கொடுத்தனுப்பினாள். ஷைனி செடியின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கீங்க மாமா" என்றாள். "மாமியாக்கும் வச்சிருக்கது" என்றேன், அடுக்களைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. தூக்கப்போகும்போதுதான் அம்மா வெளியே வந்தாள். கையில் அவளுடைய பழைய நூல் சேலை ஒன்று. காற்றில் இலை கிழிந்துவிடும் என்று செடியை உச்சியிலிருந்து தொட்டிவரை அந்தச் சேலையால் சுற்றிக் கட்டினாள், பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல. ஷைனி மறுபக்கம் பிடித்துக்கொடுத்தாள். இருவர் கையும் நாலைந்து முறை இடித்துக்கொண்டன. ஆட்டோவில் அவள் தொட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா ஆட்டோக்காரரிடம், "பைய போணும் கேட்டியளா. பாலத்தில பள்ளம் கிடக்கு" என்றாள். அவள் அன்று பேசியது அவ்வளவுதான்.

இப்போது உன் இரண்டாவது காரியத்துக்கு வருகிறேன். செடி உன் வீட்டுப் பொருள்களோடு சேர்ந்து நின்றது, வரப்போகிறவளின் கண்ணில் படும், அதனால் நீ சொன்னதைக் கேட்டேன். பேச்சு அப்படியல்ல. உனக்கும் ஷைனிக்கும் இருந்த உறவை முடித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருந்தது, முடித்துக்கொண்டீர்கள். எங்களுக்கும் அவளுக்கும் இருப்பதை நீங்கள் கையெழுத்துப் போட்டு முடிக்க முடியாது. அவள் உன்னோடு இருந்த நாட்களைவிட எங்களோடு இருந்த நாட்கள் அதிகம். அம்மா சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஷைனி. எங்களுக்கு அவளைப் பிடிக்கும், மக்கா. சுற்றி வளைக்காமல் அதைச் சொல்லிவிடுகிறேன். இதனால் உன் புதுப் பெண்மேல் எங்களுக்கு அன்பு குறையாது, அவளுக்கு உரியது அவளுக்கு உண்டு. ஆனால் இதை அவள் கல்யாணத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும், அதுவும் உன் வாயால். ஞாயிற்றுக்கிழமை சாயா நேரத்தில் இந்த வீட்டில் யாரோடு பேசுகிறார்கள் என்று அவள் வந்த பிறகு கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொள்ளக்கூடாது. சொன்னதும் அவள் கோபப்பட்டால் படட்டும், அது நேரான கோபம். நீ சொல்லவில்லை என்றால், வீடு காண வரும்போது நானே சொல்லிவிடுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே, முன்கூட்டியே தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்தோம். நாலு மணிக்கு அம்மா சாயா போட்டாள். இருவரும் முன்னறையில் உட்கார்ந்தோம். போனை நான் மேசைமேல் வைத்திருந்தேன், அதைப் பார்க்காததுபோல் இருவரும் இருந்தோம். செடி போய்விட்டது, இனி எதைக் கேட்க அவள் போன் பண்ணுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கும் அதுதான் தோன்றியிருக்கும், சாயா ஆறிக்கொண்டிருந்தது. நாலரைக்கு மேல் போன் அடித்தது. நான் கை நீட்டுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். எங்கே அமுக்குவது என்று தெரியாமல் தடுமாறி, பிறகு காதில் வைத்து, "ஷைனி, நான் மாமியாக்கும்" என்றாள். ஆறிய சாயாவை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "சோறு தின்னியா மக்களே? என்ன கறி?" என்று கேட்டாள். அவள் என்னவோ சொன்னாள். அம்மா சர்க்கரையைச் சொன்னாள், கால் எரிச்சலைச் சொன்னாள், சபையில் யாருக்கோ பிள்ளை பிறந்ததைச் சொன்னாள், "தனியா இருக்கேன்னு சமைச்சு தின்னாம கிடக்காத" என்றாள். எனக்கோ ஒரே கவலை, இடம் மாறியதில் செடி எத்தனை இலை கொட்டியதோ என்று. கேள், கேள் என்று கையைக் காட்டினேன். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டாள். போனை வைக்கும்வரை இருவரும் செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.